கை காணாது

ஊர்காவற்றுறை இறங்குதுறையில்
பெட்டியைத் தூக்கிய படகுக்காரன் கேட்டான்,
"உள்ளை கண்ணாடிச் சாமானோ?"
"ஓம், கண்ணாடிதான்."
சீமெந்துப் பைகளுக்கும்
கால் கட்டிய ஓர் ஆட்டுக்கும் நடுவில்
வெகு மரியாதையாக அதை வைத்தான்.
நூற்றிருபது சோடி.
ஒன்று தொடங்கி மூன்று வரை பவர்.
ஆஸ்பத்திரிக் கணக்கில் கையெழுத்து வைத்து
நான் எண்ணி எடுத்தவை.

எழுவைதீவு மட்டும் ஆழமில்லை,
இடுப்பளவுதான் என்றார்கள்.
சோளகம் உழுத அந்த இடுப்பளவுக் கடலில்
இரண்டு தரம் சத்தி எடுத்தேன்.
ஆடு எடுக்கவில்லை.

பள்ளிக்கூட மண்டபத்தில்
எழுத்து அட்டையைத் தொங்கவிட்டு
ஆறு மீற்றர் அளந்து
சோக்கால் கோடு கீறினேன்.
சூசைநாதன் கோடு வரைக்கும் வரவில்லை.
வாசலில் நின்றபடி, சாரத்தை மடித்துக்கொண்டு,
கடைசி வரியை வாசித்தார்.
அதற்கும் கீழே
அச்சகத்தின் பெயரை வாசித்தார்.
"இன்னும் இருக்கோ?"

பிறகு ஜன்னலால் பார்த்து,
"அந்தா போறது குணத்தின்ரை போட்.
ஒரு எஞ்சின் வேலை செய்யேல்லை" என்றார்.
எனக்கு அங்கே கடல் மட்டும் தெரிந்தது.
அதுவும் வெயிலாக.

மருந்துச் சீட்டொன்றைக் கையில் கொடுத்தேன்.
தள்ளிப் பிடித்தார்.
இன்னும் தள்ளி.
கை முடிந்த இடத்திலும்
எழுத்துத் தொடங்கவில்லை.
"கை காணாது, மிஸ்" என்றார்.
பதிவேட்டில் அதற்கு
ஒரு கட்டமும் இருக்கவில்லை.

மத்தியானத்துக்குள் நாற்பது பேர்.
எல்லாருக்கும் வெள்ளெழுத்து.
இரவில் றோலர் வெளிச்சங்களைத் தொடுவானில் வைத்தே
எண்ணிச் சொல்லும் கண்கள்
வலைக் கண்ணில் தடுக்கி விழுந்தன.

எமரன்சியா ஒன்றரையைப் போட்டாள், கழற்றினாள்.
இரண்டு. அதையும் கழற்றினாள்.
இரண்டரை போட்டதும் அசையாமல் இருந்தாள்.
வாசிக்க நான் நீட்டிய பத்திரிகையை
ஒரு விரலால் ஒதுக்கிவிட்டு
மார்புச் சட்டைக்குள்ளிருந்து
றப்பர் பான்ட் போட்ட ஒரு கட்டை எடுத்தாள்.
நண்டு நிறுத்த துண்டுகள்.
வியர்வை ஊறி, செதிள் ஒட்டி,
இரண்டு வருசத்து மெல்லிய தாள்கள்.

ஒன்றை வாசித்தாள். அடுத்ததை.
நான் அடுத்தவரைக் கூப்பிட்டேன்,
அவள் கதிரையை விட்டு எழும்பவில்லை.
"கிலோவுக்கு இருநூறு கிராம்,
தண்ணிக் கழிவாம்" என்றாள்.
யாருக்குமில்லாமல், தாளுக்கே சொன்னாள்.
"இவ்வளவு சின்னனா எழுதியிருக்கிறாங்கள்."
பிறகு சிரித்தாள்.
அது நல்ல சிரிப்பில்லை.

வரிசையில் நின்ற பெண்கள்
ஒருவர் பின் ஒருவராய்க் காணாமல் போய்
பிஸ்கற் ரின்னோடும் பொலித்தீன் பையோடும்
திரும்பி வந்தார்கள்.
அதற்குப் பிறகு ஒருவரும்
அட்டையைப் பார்க்கவில்லை.
பவரை அவர்களே கேட்டார்கள்,
பேரம் பேசுவதுபோல:
"இரண்டு காணாது, இன்னும் கொஞ்சம் ஏத்துங்கோ."
தரையெல்லாம் துண்டுகள்.
காற்று தூக்காமலிருக்க
என் பிறேம்களையே பாரமாக வைத்தார்கள்.

இரண்டரை மணிபோல
நண்டு வாடிக் கணக்கப்பிள்ளை றொபின்சன் வந்தான்.
ஆரோ சொல்லியிருக்க வேண்டும்.
மண்டபம் பேச்சை நிறுத்தியது.
தனக்கும் பார்க்கச் சொல்லிக் கதிரையில் இருந்தான்.
பார்த்தேன்.
தூரம் சரி. கிட்டவும் சரி.
"உங்களுக்கு ஒரு குறையுமில்லை" என்றேன்.
பின்னால் ஆரோ இருமினார்கள்.

மூன்று மணிப் படகுக்கு
எமரன்சியா கூட வரவில்லை.
தராசு எந்த மேசையில் இருக்கிறதென்று
அவர்கள் பேசத் தொடங்கியிருந்தார்கள்.
என் வெறும் பெட்டிக்குள்
ஆரோ ஈரச்சாக்கில் சுற்றி
நாலு நண்டு வைத்திருந்தார்கள்.
படகு அசையும்போதெல்லாம்
மூடியை உள்ளிருந்து சுரண்டின.

பதிவேட்டை மடியில் வைத்து நிரப்பினேன்.
கடைசிக் கட்டம்: கண்ணாடி என்ன தேவைக்கு?
வாசிப்பு, தையல், வேறு.
முப்பத்தொரு பெயருக்கு நேரே
"வேறு" என்று அடையாளம் போட்டு
பக்கத்தில் எழுதினேன்: நிறுவை.
எழுத்துக் கோணல்மாணலாக வந்தது.
அலை.
இந்த முறை ஒரு தரம்தான் சத்தி.